புயலுக்கு முன்னால் யார் நிற்கிறார்? பாரதியின் இயற்கைப் பாடல்களில் மொழிநயம்



முதலில் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையதுதான்.

2022-இல் படிவம் நான்கு வகுப்பு ஒன்றில் பாரதியாரின் 'மழை' பாடலை நடத்தினேன். வழக்கம்போல வெண்பலகையில் கட்டம் போட்டு, எதுகை, மோனை, இயைபு, அணி என்று நிரப்பினேன். அடுத்த வாரம் ஒரு சிறு சோதனை. 'இப்பாடலில் கவிஞர் இயற்கையின் ஆற்றலை எவ்வாறு உணர்த்துகிறார்? இதில் வெளிப்படும் உணர்வு யாது?' என்று கேட்டிருந்தேன். என் விடைக்குறிப்பில் உணர்வு என்ற இடத்தில் 'அச்சம்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு மாணவி மட்டும் 'மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் தவறு போட்டேன். இரண்டு புள்ளி போச்சு.

தாளை வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள்.

"டீச்சர், இது வெள்ளத்துல மாட்டிக்கிட்டவங்க பாடுன பாட்டு இல்ல டீச்சர். தள்ளி நின்னு பார்த்தவங்க பாடுனது."

"விடைக்குறிப்புல அச்சம்னுதான்மா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விடைக்குறிப்பை எழுதியதே நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த மாணவியின் வீடு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்தது. 2021 டிசம்பரில் அங்கே வெள்ளம் எப்படி ஏறியது என்று நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேல்மாடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்து, விடிந்த பிறகு படகில் வெளியேறிய குடும்பம் அவளுடையது. மழை என்றால் அச்சம் என்று எழுத அந்த வகுப்பில் எல்லாரையும்விட அதிகக் காரணம் உள்ளவள் அவள். அவளே இந்தப் பாட்டில் அச்சம் இல்லை என்று சொன்னாள். நான் கேட்கவில்லை.

பிறகு பாட்டை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. அது ஏன் சரி என்று இந்தக் கட்டுரையில் காட்டப் பார்க்கிறேன். நான்கு படைப்புகளைத் தொட்டுப் பேசப் போகிறேன். 'மழை', 'புயற் காற்று', 'பிழைத்த தென்னந்தோப்பு' என்ற மூன்று பாடல்கள். பிறகு வசன கவிதையில் வரும் 'காற்று' பகுதி. முதல் மூன்றும் பல பாரதி பதிப்புகளில் அடுத்தடுத்தே அச்சாகியிருக்கும். புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. 'மழை': வெளியே நின்று பார்ப்பவன்

இந்தப் பாட்டைக் கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும். வாய்விட்டுப் படிக்க வேண்டும். பொருள் சொல்லும் சொற்களுக்கு நடுவே மத்தளத்தில் வாசிக்கிற சொற்கட்டுகளை அப்படியே போட்டிருக்கிறார் பாரதி. அவற்றுக்கு அகராதியில் பொருள் கிடையாது. ஒலிதான் பொருள். ட்ட, க்க என்று வல்லினம் இரட்டித்து வருவதால் நாக்கே மேளக்கோல் மாதிரி அடிக்கிறது. இதை 'ஓசை நயம் உள்ளது' என்ற மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். எந்த ஓசை, யாருக்குக் கேட்கிற ஓசை என்று நாம் கேட்பதே இல்லை.

வினைச்சொற்களையும் பாருங்கள். 'பாய்கிறது', 'அடிக்கிறது' என்ற எழுத்து வழக்கு இல்லை. '-குது', '-யுது' என்று முடிகிற பேச்சு வழக்கு. பல இடங்களில் வினை முன்னால் வந்து விழுகிறது. செய்தது யார் என்பது பின்னால்தான் தெரிகிறது. 'பூனை ஓடுகிறது' என்று சொல்வதற்கும், 'ஓடுது பார் பூனை' என்று கத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கண்ட நொடியிலேயே வாயில் வந்துவிட்ட பேச்சு அது. ஒரே வினை மூன்று முறை அடுக்கி வருவதும் அதே காரணத்தால்தான். அடங்காத கண்ணுக்கு ஒரு முறை சொன்னால் போதாது.

'பேய்' என்ற சொல் பாட்டில் இருக்கிறது. என் விடைக்குறிப்பில் அச்சம் வந்தது இந்தச் சொல்லை நம்பித்தான். ஆனால் பேய் பிடித்த காற்று என்ன செய்கிறது? தக்கை அடிக்கிறது. தக்கை என்பது ஒரு தாளக் கருவி. ஆயிரந் தலை ஆதிசேடனும் குதிக்கிறான். வானத்துத் தேவர்களும் வருகிறார்கள். திசைகளும் மலைகளும், அடுத்து மின்னலும் கடலும் மேகமும், கடைசியில் பாம்பரசனும் தேவர்களும் என்று உயர்வு நவிற்சி மேலே மேலே ஏறிப் போகிறது.

நம் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். உறுமி மேளம் உச்சத்தில் இருக்கிறது. ஒருவருக்கு அருள் வந்துவிட்டது. பார்க்கிற நமக்கு மெய் சிலிர்க்கும். ஆனால் ஓடிவிடுவோமா? கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இன்னும் கிட்டே போவோம். 'மழை' பாட்டில் நடப்பது இதுதான்.

இதற்குப் பாட்டிலேயே சான்று உண்டு. இதைப் பாடுகிறவன் ஒரு தம்பியை அழைத்துப் பேசுகிறான். ஆபத்தில் இருப்பவன் தம்பியை 'ஓடு' என்பான்; இவன் 'பார்' என்கிற தொனியில் பேசுகிறான். முடிவில் தான் பார்த்ததற்கு அவன் வைக்கும் பெயர் 'கூத்து'. கடைசியாக அடுக்கி வரும் வினை 'கண்டோம்'. கூத்துக்குப் பார்வையாளன் உண்டு. பார்வையாளனுக்கு நிற்க ஓர் இடம் உண்டு. அந்த இடம் நனையலாம், மூழ்காது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்தபோது மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனியாகவே வைத்தார். மருட்கை என்றால் வியப்பு. அது பிறக்கும் காரணங்களில் பெருமையையும் ஒன்றாகச் சொல்கிறார். அதாவது அளவில் மிகப் பெரிதாக இருப்பது. 'மழை' மருட்கையில் தொடங்கி உவகையில் முடிகிற பாட்டு. 'மகிழ்ச்சி' என்று எழுதிய என் மாணவி முக்கால்வாசி தூரம் வந்துவிட்டாள். நான்தான் வழியில் நின்று மறித்தேன்.

2. 'புயற் காற்று': உள்ளே இருப்பவர்கள்

இனி பக்கத்தைத் திருப்புங்கள். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் வந்த ஒரு புயலைப் பற்றிய பாட்டு இது. தலைப்புக்குக் கீழேயே ஆண்டு, மாதம், தேதி, கிழமை, வேளை எல்லாம் குறித்திருக்கிறார்: நள ஆண்டு, கார்த்திகை மாதம் எட்டாம் நாள், புதன்கிழமை, இரவு. ஆங்கிலக் கணக்கில் 1916 நவம்பர் 22. பேசுபவர்கள் ஒரு கணவனும் மனைவியும் என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

இந்தத் தேதிக் குறிப்பை வகுப்பில் தாண்டிப் போய்விடாதீர்கள். அதுவும் ஓர் உத்திதான். 'மழை'க்குத் தேதி வேண்டாம். கூத்து என்றைக்கும் நடக்கும். உயிர் பிழைத்தவன் மட்டுமே நாளையும் கிழமையையும் மறக்க மாட்டான். வெள்ளம் பார்த்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். 'அன்னிக்குச் சனிக்கிழமை, ராத்திரி இத்தனை மணி' என்றுதான் தொடங்குவார்கள்.

இங்கேயும் '-குது' என்ற பேச்சு வழக்கு வருகிறது. அதே பாரதி, அதே காற்று, அதே கடல். ஆனால் மத்தளம் எங்கே? ஒரு சொற்கட்டுகூட இல்லை. ஆதிசேடன் இல்லை, தேவர்கள் இல்லை. பாட்டுக்குள் இருப்பவை கதவு, சாளரம், படுத்திருக்கிற அறை, குழந்தைகள். மனைவி கணவனைத் தட்டி எழுப்புகிறாள். பெரிய சொல் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் உயர்வு நவிற்சியில் பேசுவதில்லை. 'தண்ணி உள்ள வருது' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது.

வானத்தைப் பாருங்கள். 'மழை'யில் தாளம் கொட்டிய அதே வானம் இங்கே சினம் கொள்கிறது. இரண்டு இடத்திலும் வானத்துக்கு உயிருள்ளவற்றின் செயலைத்தான் ஏற்றியிருக்கிறார். தேர்வுத் தாளில் இரண்டுக்கும் ஒரே அணிப்பெயர் எழுதலாம். ஆனால் மேளம் அடிப்பவரைப் பார்ப்பதும், நம்மைப் பார்த்துக் கோபப்படுகிறவருக்கு முன்னால் நிற்பதும் ஒன்றா? அணியின் பெயர் ஒன்று. அது செய்யும் வேலை வேறு.

எதுகையையும் கவனியுங்கள். காற்று, தூற்றல், நேற்று, கூற்றம் என்று ற்ற ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் வருவது காற்று. முடிவில் அந்தக் காற்றின் உருவில் வந்தது கூற்றமே, அதாவது எமனே என்கிறது பாட்டு. 'கா' என்ற எழுத்தைக் 'கூ' ஆக்கினால் போதும். காற்று, கூற்று ஆகிவிடும். காற்றுக்கும் சாவுக்கும் இடையே அந்த இரவில் அவ்வளவுதான் தூரம் இருந்தது. இந்த எதுகை ஓசைக்காக மட்டும் போட்டது இல்லை. பாட்டின் பொருளே அதில்தான் இருக்கிறது.

முடிவில் ஒரு கேள்வி வருகிறது. முந்தின நாள் இருந்த வீட்டிலேயே இந்நேரம் இருந்திருந்தால் நம் கதி என்ன என்பது அதன் சாரம். நடந்ததைச் சொல்லாமல் நடந்திருக்கக்கூடியதைச் சொல்வது இது. வீடு இடிந்து விழுவதை வருணித்துக் காட்டியிருந்தாலும் இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது.

3. 'பிழைத்த தென்னந்தோப்பு': புயல் போன பிறகு

மூன்றாவது பாட்டில் காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. வினைகள் இறந்த காலத்துக்கு மாறுகின்றன. '-குது' போய், பெரும்பாலும் நிதானமான எழுத்து வழக்கு வந்துவிடுகிறது. பேசுபவர் ஒருவரே. தம்பியும் இல்லை, மனைவியும் இல்லை. ஆறுதல் தேடித் தனியாக வந்திருக்கிறார். அடிகளும் குட்டை குட்டையாக, மூச்சு வாங்கி நடக்கிறவன் பேச்சைப் போல இருக்கின்றன.

இந்தப் பாட்டில் புயலின் ஆற்றலைச் சொல்ல ஓர் உவமை வருகிறது. விழுந்து கிடக்கிற மரங்களை நாற்றுக்கு ஒப்பிடுகிறார். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். உவமை பெரும்பாலும் சின்னதைப் பெரியதோடு வைக்கும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். முகத்துக்கு நிலவு, கொடைக்கு மேகம் என்று படித்த பழக்கம். இங்கே தலைகீழ். வளர்ந்த மரம் நாற்று ஆகிவிடுகிறது. காற்று எவ்வளவு பெரியது என்று சொல்லவே இல்லை. மரத்தைச் சின்னதாக்கிக் காட்டியதும் காற்று தானாகப் பெரிதாகிவிட்டது.

அடுத்து, பிழைத்து நிற்கும் தோப்பைச் சொல்கிறார். அது ஒரு சிறு திட்டில் உள்ள சிறு தோப்பு. ஓர் ஏழையின் உடைமை. அதை வாயு அழிக்கவில்லை, பொறுத்துவிட்டான் என்கிறார். இப்போது காற்றுக்கு 'வாயு' என்ற தெய்வப் பெயர் வந்துவிட்டது. அஃறிணையாக அடித்தது, இப்போது 'அவன்' ஆகிறது. பொறுக்கத் தெரிந்தவன்தான் 'அவன்' ஆக முடியும்.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க மாட்டேன். வாயு ஓர் ஏழையைப் பொறுத்தான் சரி, நாடெங்கும் விழுந்த மற்ற மரங்களில் ஏழைகளின் மரமே இல்லையா? பாட்டு அதைக் கேட்கவில்லை. சூரிய ஒளியையும் நிழலையும் நோக்கிப் போய்விடுகிறது. வகுப்பில் ஒரு மாணவர் இதைக் கேட்டால், 'பாரதியையே கேள்வி கேட்கிறியா?' என்று அடக்காதீர்கள். பிழைத்தவன் நன்றி சொல்லும் நேரத்தில் கணக்குக் கேட்க மாட்டான் என்பது ஒரு பதில். அது போதாது என்பதும் ஒரு பதில். இரண்டுக்கும் பாட்டிலிருந்து சான்று காட்டினால் இரண்டுக்கும் புள்ளி கொடுக்கலாம்.

4. 'காற்று': எதிரே நின்று பேசுபவன்

வசன கவிதையில் பாரதி காற்றை நேரே 'வா' என்று அழைக்கிறார். யாப்பு இல்லை, எதுகைக் கட்டாயம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். உலகையே அசைக்கிற காற்றைக் காட்ட அவர் முதலில் எடுத்துக்கொள்வது என்ன தெரியுமா? ஓலைப் பந்தலின் மூங்கில் கழியில் மிச்சமாகத் தொங்குகிற ஒரு சாண் கயிறு! அது ஊசலாடுகிறது, பேசுகிறது, காதலிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட, அது தொட்டதைக் காட்ட வேண்டும். நாற்று உவமையில் பார்த்த அதே அறிவு இங்கேயும் வேலை செய்கிறது.

வேறோர் இடத்தில், காற்று எவற்றையெல்லாம் நொறுக்கும் என்று பட்டியல் போடுகிறார். 'நொய்ந்த' என்ற ஒரே அடைமொழி திரும்பத் திரும்ப வருகிறது. நொய்ந்தது என்றால் வலுவிழந்தது. முதலில் வீடு, கதவு, கூரை. பிறகு உடல், உயிர், உள்ளம். சொல் மாறவில்லை, அது ஒட்டிக்கொள்ளும் பொருள் மட்டும் வெளியிலிருந்து உள்ளே நகர்கிறது. கூரையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தன்னைப் பற்றிப் படிக்கிறான். அதன் பிறகுதான் வீட்டைத் திண்மையாகக் கட்டுவோம், உடலையும் உள்ளத்தையும் உறுதி செய்வோம் என்ற அழைப்பு வருகிறது. இயற்கையின் ஆற்றல் இங்கே வேடிக்கையும் இல்லை, எமனும் இல்லை. அது நம்மைச் சோதிக்கும் ஓர் ஆசான்.

5. தேர்வில் இதை எப்படி எழுதுவது?

ஒரே கவிஞர், ஏறக்குறைய ஒரே பொருள். ஆனால் நான்கு இடங்களில் மொழி நான்கு விதமாக நடக்கிறது. எதனால் என்று கேட்டால் என் பதில் இதுதான்: இயற்கைக்கு முன்னால் நிற்கும் மனிதன் ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் நிற்கிறான். தள்ளி நிற்பவனுக்கு மத்தளம் கேட்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவளுக்குக் கதவு அடிக்கும் சத்தம் கேட்கிறது. பிழைத்தவன் விழுந்த மரங்களையும் நிற்கும் மரங்களையும் பார்க்கிறான். எதிர்த்து நிற்க விரும்புபவன் தன் வீட்டையும் உள்ளத்தையும் தட்டிப் பார்க்கிறான். உத்தி அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஆகவே மாணவர்களே, 'என்ன அணி?' என்று தேடுவதற்கு முன் 'யார், எங்கே நின்று, யாரிடம் பேசுகிறார்?' என்று கேளுங்கள். பிறகு அணிக்கு வாருங்கள்.

பலர் எழுதும் விடை இப்படி இருக்கும்: 'கவிஞர் ஓசை நயத்தைப் பயன்படுத்தி மழையின் ஆற்றலைச் சிறப்பாக வெளிப்படுத்தியுள்ளார்.' இதில் தவறில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்கும் இதை ஒட்டிவிடலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'மழையைக் கூத்தாகக் காணும் ஒருவன் பேசுவதால், கவிஞர் மத்தளச் சொற்கட்டுகளைப் பாட்டுக்குள் கொண்டுவருகிறார். பொருளற்ற அந்த ஒலிகள், சொல்லில் அடங்காத மழையின் வேகத்தை நம் செவியில் நேரே விழச் செய்கின்றன. அதனால் இப்பாடலில் அச்சத்தைவிட வியப்பே மேலோங்குகிறது.' யார் பேசுகிறார், எந்த உத்தி, அது என்ன செய்கிறது, எந்த உணர்வு என்று நான்கும் மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டன. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விடைக்குறிப்பில் உணர்வுக்கு ஒரே சொல்லை எழுதி வைக்காதீர்கள். 'பாட்டிலிருந்து சான்று காட்டினால் ஏற்கலாம்' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நம் வகுப்புகளில் மழையைச் சன்னல் வழியாகப் பார்த்த பிள்ளையும் இருக்கிறது. மழை வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த பிள்ளையும் இருக்கிறது. இருவரும் ஒரே பாட்டைப் படிக்கும்போது நமக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரியலாம்.

அந்த மாணவி இப்போது பள்ளி முடித்துப் போய்விட்டாள். அவள் போவதற்கு முன், அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லி, தவறு போட்ட இடத்தில் திருத்தி இரண்டு புள்ளி போட்டேன். "இப்ப எதுக்கு டீச்சர்?" என்று சிரித்தாள். என் கோப்பில் உள்ள விடைக்குறிப்பிலும் 'அச்சம்' என்பதை அடித்துவிட்டு, 'வியப்பு, மகிழ்ச்சி. சான்று கேட்கவும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.